சத்தியத்துக்கு விலை வேண்டும்: கோப்பாயில் கூத்து எழுதும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

தெய்வத்தின்மேல் ஆணையிட்டு வாளெடுக்கும் கற்பனைப் படையொன்றை வைத்து நீர் எழுதிய கூத்தைப் படித்தேன். பாட்டுகள் நன்றாக வந்திருக்கின்றன. ஆனால் உமது வீரர்கள் வரவிலிருந்து மங்களம் வரை வாய்மை, வீரம், பணிவு என்றே பாடுகிறார்கள். அந்தச் சத்தியத்துக்காக ஒருவரும் எதையும் இழக்கவில்லை.

பொலன்னறுவையில் வேளைக்காரப் படையின் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. விசயபாகு மன்னன் 1110இல் மறைந்த பின் பொறித்தது. புத்தரின் பல்லாகிய தந்ததாது இருந்த கோயிலின் காவலை ஏற்ற தென்னிந்தியப் படையினர் அதில் பேசுகிறார்கள். கோயிலின் ஊர்கள், பணியாட்கள், பொருள், அடைக்கலம் புகுந்தோர் அனைத்தையும் தாங்கள் கெட்டாலும் காப்போம், தங்கள் குலம் உள்ளவரை காப்போம் என்கிறார்கள். மீறுபவனுக்கும், மீறச் சொன்னவனுக்கும் நரகம் என்கிறார்கள். உமது படையும் யாரைக் காக்கிறதென்று பெயர் சொல்லட்டும்.

அதே வேளைக்காரர்தான் 1085 அளவில், சோழர்மேல் போகச் சொன்ன விசயபாகுவின் ஆணையை மறுத்துக் கலகம் செய்தவர்கள். தளபதிகளைக் கொன்றார்கள், அரண்மனையை எரித்தார்கள். அரசன் திரும்பிவந்து, கலகத் தலைவர்களை அத்தளபதிகளின் சிதையருகே கட்டி எரித்தான் என்கிறது இலங்கை வரலாற்று நூலான சூளவம்சம். ஒரு தலைமுறை கழிந்ததும் அந்தப் படையிடமே தந்ததாது ஒப்படைக்கப்பட்டது. ஒருமுறை உடைந்த சத்தியத்தை மறுபடி எடுப்பவன் எந்த முகத்தோடு எடுப்பான்? அவனை நம்பிக் கொடுப்பவர் எதை நம்பிக் கொடுப்பார்? உமது கூத்து இந்த இடத்தில்தான் தொடங்கவேண்டும்.

எதிராளியையும் நெறியற்றவனாக எழுதாதேயும். 1560இல் போர்த்துக்கேயர் நல்லூருக்குள் புக, சங்கிலி மன்னன் உமது கோப்பாயிலிருந்த கோட்டைக்குப் பின்வாங்கினான். அந்தப் படையெடுப்பில் கிடைத்த தந்ததாது என்று ஒன்றை அவர்கள் கோவாவுக்குக் கொண்டுபோனார்கள். பெகு நாட்டு அரசன் பெரும்பொருள் தர முன்வந்தும், பேராயர் அதை உரலிலிட்டு இடித்தார் என்று போர்த்துக்கேய நூல்கள் எழுதுகின்றன. பொன்னுக்கு மசியாத அந்த உறுதிக்கும் மானம் என்றுதான் பெயர். ஒருவர் உயிர்கொடுத்துக் காக்க நினைத்ததை இன்னொருவரின் மானம் பொடியாக்கியது. மானம் மட்டும் ஒருவனை நல்லவனாக்கிவிடாது. அது யாருக்கு அடைக்கலமாகிறது, யாரை நசுக்குகிறது என்றும் கேட்கவேண்டும்.

ஆகவே நடுக் காட்சியை மாற்றி எழுதும். இரண்டு சத்தியங்கள் மோதட்டும். உமது தலைவன் ஒன்றைக் காக்க மற்றதைக் கைவிடட்டும். கைவிடப்பட்டவர் மேடைக்கு வந்து அவனிடம் நியாயம் கேட்கட்டும். அவன் சொல்லும் பதிலைச் சபை ஏற்குமானால் உமது கூத்து நிலைக்கும். எழுதி முடித்ததும் அனுப்பும்.

அன்புடன்,
உமது அண்ணன்