வளரும் பிள்ளைகளின் உடல் எடை: வீட்டிலிருந்து தொடங்குவோம்



குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் நம் வீடுகளுக்கு வெளியூர்ச் சொந்தங்கள் வரத் தொடங்கிவிடுவார்கள். அருவியில் குளித்துப் பசியோடு திரும்பும் பிள்ளைகளுக்குப் பரோட்டாவும் கோழி வறுவலும் வாங்கிக் கொடுக்கிறோம். வழியில் நேந்திரங்காய் சிப்ஸ், சூடான பஜ்ஜி. வருடத்தில் சில நாட்கள் இப்படிச் சாப்பிடுவதால் எந்தப் பிள்ளைக்கும் கேடு வந்துவிடாது. சீசன் முடிந்த பின்னும் அதே உணவு வாரத்தில் மூன்று, நான்கு இரவுகள் பார்சலாக வீட்டுக்கு வருவதுதான் கவலைக்குரியது. வளரும் பிள்ளைகளின் உடல் எடை பற்றி இந்த மாதப் பாடத்தில் பார்ப்போம்.

நிலைமை என்ன?

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 1990-இல் 5 முதல் 19 வயதுள்ள பிள்ளைகளில் 8 சதவீதம் பேர் அதிக எடையுடன் இருந்தார்கள். 2022-இல் அது 20 சதவீதமாகிவிட்டது. ஏறத்தாழ 39 கோடிப் பிள்ளைகள். அவர்களில் 16 கோடிப் பேர் உடல் பருமன் என்ற நிலையையே அடைந்துவிட்டவர்கள்.

நம் மாநிலத்தில் பெரியவர்களின் நிலையும் இதையே காட்டுகிறது. 2015-16 தேசியக் குடும்பநல ஆய்வில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 30.9 சதவீதம் பேர் அதிக எடை அல்லது பருமனுடன் இருந்தார்கள். அடுத்த ஆய்வில், 2019-21-இல், அது 40.4 சதவீதம். பத்தில் நான்கு பெண்கள். உம்மா சாப்பிடும் சட்டியிலிருந்துதான் பிள்ளையும் சாப்பிடுகிறது. ஆகவே பிள்ளையின் எடையைத் தனியாகப் பிரித்துப் பார்க்க முடியாது. அது குடும்பத்தின் பழக்கத்தோடு சேர்ந்தது.

ஏன் இப்போதே கவனிக்க வேண்டும்?

"வளருகிற பிள்ளை, தானாக வற்றிவிடும்" என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. சில பிள்ளைகளுக்கு அப்படி நடக்கும். ஆனால் பதின்ம வயதில் பருமனாக இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் பெரியவர்களான பிறகும் அப்படியே இருக்கிறார்கள் என்பது மருத்துவர்கள் கண்ட உண்மை. இளம் வயதிலேயே சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், கல்லீரலில் கொழுப்பு, பெண் பிள்ளைகளுக்கு மாதவிடாய்க் கோளாறு ஆகியவை இதனோடு வருகின்றன.

ஓர் அறிகுறியை எல்லாப் பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டும். பிள்ளையின் பின்கழுத்திலும் அக்குளிலும் தோல் கறுத்து, தடித்து, வெல்வெட் துணி போல் இருக்கிறதா? அழுக்கு என்று நினைத்துத் தேய்த்துக் குளிப்பாட்டுவார்கள், போகாது. உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கு அது பெரும்பாலும் அடையாளம். தேய்ப்பதை விட்டுவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

சிங்கப்பூர் தரும் படிப்பினை

கடையநல்லூரிலும் தென்காசியிலும் சிங்கப்பூரில் சொந்தம் இல்லாத தெரு குறைவு. அந்த நாடு 1992-இல் பள்ளிகளில் ஒரு திட்டம் கொண்டுவந்தது. எடை கூடிய மாணவர்களைத் தனியே பிரித்து, இடைவேளையிலும் பள்ளி நேரத்துக்கு வெளியேயும் கூடுதல் உடற்பயிற்சி செய்ய வைத்தார்கள். பலன் இல்லாமல் இல்லை. சுமார் 14 சதவீதமாக இருந்த பருமன் 10 சதவீதத்துக்கு அருகில் குறைந்தது.

ஆனால் அந்தப் பிள்ளைகள் மற்றவர்களின் கேலிக்கு ஆளானார்கள். திட்டத்தின் சுருக்கப் பெயர் 'டாஃப்'. அதன் ஆங்கில எழுத்துகளைத் திருப்பிப் படித்தால் 'குண்டு' என்று பொருள் வரும். அதையே சொல்லிச் சிரித்தார்கள். மனம் நொந்த பிள்ளைகள் பற்றிப் பெற்றோர் குறை சொன்னார்கள். 2007-இல் அந்தத் திட்டத்தைக் கைவிட்டு, எல்லா மாணவர்களுக்கும் பொதுவான ஆரோக்கியத் திட்டத்துக்கு மாறினார்கள்.

நமக்கு இதில் பாடம் இருக்கிறது. ஒரு பிள்ளையை மட்டும் தனியே நிறுத்தி, "நீ சாப்பிடாதே, உன் அண்ணன் சாப்பிடட்டும்" என்று சொன்னால் அந்தப் பிள்ளை ஒளித்துச் சாப்பிடும், கண்ணாடியை வெறுக்கும், பள்ளிக்குப் போகவும் தயங்கும். கல்யாண வீட்டில் எல்லார் முன்னிலையிலும் "என்ன இப்படிப் பெருத்துவிட்டாள்?" என்று கேட்பவர்களையும் நாம் தடுக்க வேண்டும். ஒருவரை ஒருவர் பரிகசிப்பதையும் பட்டப் பெயர் சூட்டுவதையும் திருக்குர்ஆன் (49:11) தடுத்திருக்கிறது. வீட்டில் செல்லமாகச் சொல்லும் 'குண்டு' என்ற பெயருக்கும் அது பொருந்தும்.

பெண் பிள்ளைகள் விஷயம்

வயதுக்கு வந்த பெண் பிள்ளைக்கு உளுந்தங்களி, நல்லெண்ணெய், முட்டை கொடுப்பது நம் பகுதி வழக்கம். சத்தான உணவுதான். ஆனால் அதே நாளோடு அவள் ஓடுவதும் சைக்கிள் மிதிப்பதும் நின்றுபோகின்றன. சாப்பாடு கூடுகிறது, அசைவு குறைகிறது. எடை கூடாமல் என்ன செய்யும்?

பர்தாவைப் பேணிக்கொண்டே பெண் பிள்ளைகள் உடலை அசைக்க வழி இருக்கிறது. மொட்டை மாடியில் ஸ்கிப்பிங், வீட்டு முற்றத்தில் பூப்பந்து, உம்மாவோடு சேர்ந்து காலை நடை. நபி (ஸல்) அவர்கள் ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப் பந்தயம் ஓடிய செய்தி அபூதாவூத் தொகுப்பில் பதிவாகியிருக்கிறது. பெண் ஓடுவது கூடாது என்று நினைப்பவர்களுக்கு அது போதும்.

மெலிய வேண்டும் என்று பட்டினி கிடப்பதும் ஆபத்து. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் பாதிக்கு மேல் இரத்தசோகை உள்ளவர்கள். எடை கூடிய பிள்ளைக்கும் இரத்தம் குறைவாக இருக்கலாம். முருங்கைக்கீரை, சுண்டல், முட்டை, மீன் ஆகியவற்றைக் குறைக்கக் கூடாது.

வீட்டில் செய்ய வேண்டியவை

1. குளிர்பானப் பாட்டிலை வீட்டுக்குள் வாங்கி வைக்காதீர்கள். கோலா வகைகளில் 100 மில்லிக்குச் சுமார் 10 கிராம் சர்க்கரை இருக்கிறது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், ஒருவர் ஒரு நாளைக்குச் சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை 25 கிராமுக்குள் இருக்கட்டும் என்கிறது. 250 மில்லி பாட்டில் ஒன்றிலேயே அந்த அளவு முடிந்துவிடும். விருந்தாளிக்கு மோர், எலுமிச்சைச் சாறு, இளநீர் கொடுங்கள்.

2. பரோட்டா வாரம் ஒரு முறை போதும் என்று குடும்பமாக முடிவு செய்யுங்கள். வாப்பாவுக்கும் அதே கணக்கு. மற்ற இரவுகளில் இட்லி, தோசை, இடியாப்பம், கோதுமைச் சப்பாத்தி.

3. வயிற்றில் மூன்றில் ஒரு பகுதி உணவுக்கு, ஒரு பகுதி தண்ணீருக்கு, ஒரு பகுதி மூச்சுக்கு என்ற அளவை நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறார்கள். "இன்னும் கொஞ்சம்" என்று வற்புறுத்தித் தட்டில் வைப்பதை நிறுத்துவோம். போதும் என்று பிள்ளை சொன்னால் நம்புவோம்.

4. 5 முதல் 17 வயதுள்ளோருக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்கும்படியான விளையாட்டு தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். அஸருக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட நேரம் அதற்கென்றே அமைந்தது போல் இருக்கிறது. டியூஷனையும் மக்தப் வகுப்பையும் அந்த நேரத்தில் வைக்காமல் இருக்க ஜமாஅத்தார்களும் ஆசிரியர்களும் ஆலோசிக்கலாம். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு என்பதற்காக விளையாட்டை முழுவதும் நிறுத்திவிட வேண்டாம்.

5. பதின்ம வயதினருக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். தூக்கம் குறைந்தால் பசி கூடும். இஷாவுக்குப் பின் செல்பேசி பெற்றோர் அறையில் இருக்கட்டும். பெற்றோரும் படுக்கையில் பார்க்காமல் இருந்தால்தான் இது நடக்கும்.

6. ரமளானில் நோன்புக் கஞ்சி நல்லது. அதோடு தினமும் சமோசா, வடை, சர்பத் என்று சேரும்போதுதான் நோன்பு மாதத்திலும் எடை கூடுகிறது. பேரீச்சையும் பழங்களும் முன்னே வரட்டும்.

7. வளைகுடாவில் இருக்கும் வாப்பாமார்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை மீதுள்ள பாசத்தால் "என்ன வேண்டுமானாலும் வாங்கிச் சாப்பிடு" என்று பணம் அனுப்புகிறீர்கள். ஒரு முறை அதற்குப் பதிலாகப் பந்தோ மட்டையோ சைக்கிளோ வாங்கிக் கொடுங்கள். போனில் "சாப்பிட்டாயா?" என்று கேட்பதோடு "விளையாடினாயா?" என்றும் கேளுங்கள்.

பள்ளிக்கூடத்திலும் நமக்கு உரிமை உண்டு. பள்ளி வளாகத்திலும், வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த தின்பண்டங்களை விற்கக் கூடாது என்பது 2020-இல் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் கொண்டுவந்த விதி. பெற்றோர் கூட்டத்தில் இதை மரியாதையோடு எடுத்துச் சொல்லலாம்.

மருத்துவரை எப்போது பார்ப்பது?

பெரியவர்களின் எடைக் கணக்கைப் பிள்ளைகளுக்கு அப்படியே போடக் கூடாது. வயதுக்கும் ஆண், பெண் என்பதற்கும் ஏற்ற வளர்ச்சி அட்டவணை குழந்தை மருத்துவரிடம் இருக்கும். கழுத்துக் கறுப்பு, இரவில் பலத்த குறட்டை, மாடி ஏறினால் மூச்சு இரைத்தல், முழங்கால் வலி, மாதவிடாய் தவறுதல் இவற்றில் ஏதேனும் இருந்தால் தாமதிக்காதீர்கள். தென்காசி அரசு மருத்துவமனையிலோ உங்கள் குடும்ப மருத்துவரிடமோ காட்டுங்கள். செல்பேசியில் வரும் விளம்பரத்தைப் பார்த்து மாத்திரையோ பவுடரோ வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

குடும்பமாக உட்கார்ந்து பேச

• நேற்று நம் வீட்டில் வெளியிலிருந்து வாங்கிய உணவு என்ன?
• பிள்ளைகள் நேற்று எத்தனை நிமிடம் ஓடியாடினார்கள்? பெரியவர்கள் எத்தனை நிமிடம் நடந்தோம்?
• இந்த வாரம் நாம் எல்லோரும் சேர்ந்து மாற்றப் போகும் ஒரே ஒரு பழக்கம் எது?

அடுத்த சாரலில் பிள்ளைகளோடு குற்றாலம் போகும்போது, கடைகளில் அடுக்கியிருக்கும் ரம்புட்டானும் மங்குஸ்தானும் முதலில் கண்ணில் படட்டும். பரோட்டாவும் இருக்கட்டும், அளவோடு.

நம் பிள்ளைகள் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அவர்களின் உடலையும் மனதையும் நோகாமல் காக்கும் பொறுப்பை நிறைவேற்ற வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.