பாலிடெக்னிக்கிலிருந்து கிண்டிக்கு: இரண்டாம் ஆண்டில் ஒரு வாசல்

பத்தாம் வகுப்பு முடிந்ததும் பிள்ளையைப் பாலிடெக்னிக்கில் சேர்த்துவிட்டால், மூன்று வருடத்தில் துறைமுகத்திலோ மணலி, எண்ணூர் பக்கத்துத் தொழிற்சாலையிலோ வேலைக்குப் போய்விடுவான் என்பது நம் பகுதிக் குடும்பங்களின் கணக்கு. தப்பான கணக்கு இல்லை. ஆனால் நன்றாகப் படிக்கிற பிள்ளையின் படிப்பும் அதோடு முடிந்துவிட்டதாக நாமே தீர்ப்பு எழுதிவிடுகிறோம். டிப்ளமோ முடித்தவர்கள் பி.இ., பி.டெக். படிப்பின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். 1794-ல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கிண்டி பொறியியல் கல்லூரியை உள்ளடக்கிய அண்ணா பல்கலைக்கழகத்தின் விதிகளிலேயே இதற்கு இடம் இருக்கிறது.

அப்துல் கலாம் அவர்கள் பொறியியலுக்கு வந்த வழியும் ஏறக்குறைய இதுதான். இன்டர்மீடியட் முடித்ததும் பொறியியலுக்குப் போயிருக்கலாம், போகவில்லை. திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் பட்டம் வாங்கிய பிறகுதான், தனக்கு வேண்டியது பொறியியல் என்று தெளிந்து, குரோம்பேட்டை எம்.ஐ.டி.க்கு விண்ணப்பித்தார். பட்டியலில் பெயர் வந்தது. சேர்வதற்குச் சுமார் ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டது. வீட்டில் அவ்வளவு பணம் இல்லை. சகோதரி ஜொஹரா தன் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். அந்த எம்.ஐ.டி. 1978 முதல் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஓர் அங்கம்.

இன்று அரசுக் கல்லூரிகளில் கட்டணம் குறைவு. நகை அடகுக் கடைக்குப் போக வேண்டிய நிலை பெரும்பாலும் வராது. இடம் கிடைப்பதுதான் கடினம். அது ஏன் என்று பெற்றோர் புரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு வகுப்பில் 60 இடங்கள் என்றால், நேரடி இரண்டாம் ஆண்டுக்கு அதில் 10 விழுக்காடு, அதாவது 6 இடங்கள். முதலாண்டில் நிரம்பாமல் போன இடங்களும் இதோடு சேரும். சாதாரணத் தனியார் கல்லூரியில் காலி இடங்கள் நிறைய இருக்கும், விண்ணப்பித்தால் கிடைத்துவிடும். எல்லோரும் விரும்பும் கல்லூரியில் முதலாண்டிலேயே இடங்கள் நிரம்பிவிடுவதால், மிஞ்சுவது அந்தச் சில இடங்கள்தான். அவற்றுக்குத் தமிழகம் முழுவதிலிருந்தும் முதல் வரிசை மாணவர்கள் மோதுகிறார்கள். டிப்ளமோவில் 45 விழுக்காடு, இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 40 விழுக்காடு என்பது அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழுமம் வைத்திருக்கும் தகுதி அளவு மட்டுமே. கிண்டியில் உட்கார அது போதவே போதாது. நுழைவுத் தேர்வு கிடையாது, மதிப்பெண்தான் எல்லாம். ஆகையால் ‘கடைசி செமஸ்டரில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிப்போடாமல், ஒவ்வொரு செமஸ்டரையும் கணக்கில் வைத்துப் படிக்க வேண்டும்.

‘நமக்குத்தான் ஒதுக்கீடு இருக்கிறதே’ என்று சிலர் சொல்வார்கள். 2007 முதல் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு இருக்கிறது, உண்மை. ஆனால் 6 இடங்களில் 3.5 விழுக்காடு என்றால் கால் இடம்கூட வராது. சுழற்சி முறையில் எங்கோ ஒரு கல்லூரியில் ஏதோ ஒரு பிரிவில் அது விழும். பொதுப் போட்டிக்கான 31 விழுக்காட்டில் இடம் பிடிக்கும் அளவுக்கு மதிப்பெண் இருப்பதே பலம்.

சாதிச் சான்றிதழை இப்போதே எடுத்துப் பாருங்கள். அன்சார், தக்கனி முஸ்லிம், துதேகுலா, மாப்பிள்ளை, ஷேக், சையத், ராவுத்தர் மரைக்காயர் உள்ளிட்ட லப்பை ஆகிய 7 பிரிவுகள்தான் பட்டியலில் உள்ளன. லப்பை என்பதில் தமிழ் பேசுவோர், உருது பேசுவோர் இரு தரப்பும் அடங்குவர். பட்டாணி பட்டியலில் இல்லை. வாப்பாவின் பழைய அட்டையில் வெறும் ‘பி.சி.’ என்று இருப்பதை நம்பிக் கடைசி வாரத்தில் தண்டையார்பேட்டை தாலுகா அலுவலகத்துக்கு ஓடுவதைவிட, இ-சேவை மையத்தில் முன்கூட்டியே விண்ணப்பிப்பது நல்லது. குடும்பத்தில் யாரும் பட்டதாரி இல்லையென்றால் முதல் பட்டதாரி சான்றையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள். பள்ளிச் சான்றிதழ், ஆதார், டிப்ளமோ மதிப்பெண் பட்டியல் மூன்றிலும் பெயரின் எழுத்து ஒரே மாதிரி இருக்கிறதா? நம் பிள்ளைகளின் பெயர்களில் இந்த வேறுபாடு அதிகம்: முகமது ஓரிடத்தில் முழுதாக, இன்னோரிடத்தில் சுருக்கி.

இந்தக் கலந்தாய்வைத் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் சார்பில் பல ஆண்டுகளாக நடத்திவருவது காரைக்குடி அழகப்ப செட்டியார் அரசு பொறியியல் கல்லூரி. விண்ணப்பம் இணையவழியில்தான். கோடையில் வரும் அறிவிப்பைத் தவறவிடாதீர்கள். தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் இதில் வராது. அவற்றுக்குத் தனியே விண்ணப்பிக்க வேண்டும். ‘ஐ.ஐ.டி.யில் இரண்டாம் ஆண்டு வாங்கித் தருகிறேன்’ என்று யாராவது பணம் கேட்டால் அது மோசடி. அங்கே அப்படி ஒரு வாசலே இல்லை.

கணிதத்தை ஒரு பாடமாகக் கொண்டு பி.எஸ்சி. முடித்தவர்களுக்கும் இதே வழி உண்டு. சர் தியாகராயா கல்லூரியிலோ பாரதி மகளிர் கல்லூரியிலோ படித்த பிள்ளைகளில் பலருக்கு இது தெரிவதில்லை. அவர்கள் சேர்ந்த பிறகு கூடுதலாக இரண்டு பொறியியல் பாடங்களை எழுத வேண்டும்.

சேர்ந்த பிறகுதான் உண்மையான சோதனை. டிப்ளமோ மாணவர் நேராக மூன்றாம் செமஸ்டரில் போய் உட்காருகிறார். பக்கத்தில் இருப்பவர் பன்னிரண்டாம் வகுப்புக் கணிதமும் கல்லூரியில் இரண்டு செமஸ்டர் கணிதமும் முடித்தவர். பல பிரிவுகளில் அந்த செமஸ்டரின் கணிதத் தாள், உருமாற்றங்களும் பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகளும். பட்டறை வேலையிலும் வரைபடத்திலும் நம் பிள்ளை முன்னால் நிற்பான். இந்தத் தாளில் சறுக்குவான். கடைசித் தேர்வுக்கும் கல்லூரி திறப்பதற்கும் நடுவே கிடைக்கும் வாரங்களில், பன்னிரண்டாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தில் வகையிடல், தொகையிடல், வகைக்கெழுச் சமன்பாடுகள் மூன்றையும் தினம் இரண்டு மணி நேரம் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அரசுப் பாடநூல் இணையத்தில் இலவசம்.

பெற்றோருக்கும் ஒரு சோதனை உண்டு. வளாகத் தேர்வில் வேலை கிடைத்த கடிதமும் கலந்தாய்வு அழைப்பும் ஒரே கோடையில் வரும். பத்தொன்பது வயதில் மாதச் சம்பளம் என்பது வாடகை வீட்டில் சின்ன விஷயம் இல்லை. என் கருத்து இது: தரவரிசையில் நல்ல அரசுக் கல்லூரியோ பல்கலைக்கழக வளாகமோ கிடைக்குமானால் வேலையை விட்டுவிடலாம். கடன் வாங்கிச் சேர வேண்டிய, பெயர் தெரியாத கல்லூரிதான் கிடைக்குமென்றால் வேலையே மேல். வேலை பார்த்துக்கொண்டே படிக்கப் பகுதிநேர பி.இ. இருக்கிறது, அதற்கு விண்ணப்பம் தனி.

விடுதிச் செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். 2021 பிப்ரவரியிலிருந்து தண்டையார்பேட்டையில் ஏறினால் ஒரே மெட்ரோ ரயிலில் கிண்டியில் இறங்கலாம். பெண் பிள்ளைகளும் வீட்டிலிருந்தே போய்வர முடியும்.