தழும்பு விழுந்த நுரையீரலும் கொரோனாவும்



சில மாதங்களுக்கு முன் வார்டில் நோயாளிகளைச் சந்தித்து வந்தபோது, முகக்கவசத்தோடு கட்டிலில் உட்கார்ந்திருந்த காரமடைப் பக்கத்து அம்மா ஒருவர் என்னிடம் கேட்டார்: "ஏனுங்க ஐயா, கொரோனா போயி வருசக்கணக்காச்சு, இன்னும் எதுக்கு இதைக் கட்டிக்கிட்டுத் திரியறேன்னு ஊருல சிரிக்கறாங்க. கழட்டிப் போடட்டுங்களா?" மருத்துவர்களிடம் கேட்டறிந்து அவருக்குச் சொன்ன பதிலையே இம்மாதப் பாடமாக எழுதுகிறேன்.

அவருக்கு இருப்பது ஐ.எல்.டி. எனப்படும் இன்டர்ஸ்டிஷியல் லங் டிசீஸ். நுரையீரலின் காற்றறைகளைச் சுற்றியுள்ள மெல்லிய திசு வீங்கி, பலருக்குத் தழும்பேறித் தடித்துப்போகிறது. விழுந்த தழும்பு மறைவதில்லை. ஆஸ்துமாவைப் போல அதிகம் காணப்படாத நோய் ஆகையால், வறட்டு இருமலையும் மூச்சு வாங்குதலையும் காசநோய் என்றே எண்ணி நாட்களைக் கழிப்போர் உண்டு. 2012 முதல் 2015 வரை நம் நாட்டின் 19 நகரங்களில் இந்நோயாளிகள் 1,084 பேரை ஆராய்ந்தார்கள். ஏறக்குறையப் பாதிப் பேருக்குச் சுவாசித்த தூசியின் ஒவ்வாமையே காரணம். ஏர் கூலரும் புறா எச்சமும் அதில் முக்கியமானவை.

இவர்களுக்குக் கொரோனாவால் வரும் ஆபத்தை மூன்று குறிப்புகளில் கவனிப்போம்.

1. கையிருப்பு குறைவு

நல்ல நுரையீரலில் ஒரு பகுதி கெட்டாலும் மறுபகுதி தாங்கும். இவர்களுக்கு அந்தக் கையிருப்பு ஏற்கெனவே செலவாகிவிட்டது. 2020இல் ஐரோப்பிய மருத்துவமனைகளில் கொரோனாவோடு சேர்க்கப்பட்ட 161 ஐ.எல்.டி. நோயாளிகளை, இந்நோய் இல்லாத ஒத்த வயதினரோடு ஒப்பிட்டார்கள். இவர்களுக்கு மரண ஆபத்து ஏறக்குறைய ஒன்றரை மடங்கு அதிகமாயிருந்தது. நுரையீரல் கொள்ளளவு குறைந்தவர்களும், உடல் பருமன் உள்ளவர்களும் மேலும் ஆபத்தில் இருந்தார்கள்.

2. மருந்தே எதிர்ப்பைக் குறைக்கும்

வீக்கத்தை அடக்க ஸ்டீராய்டும் அதைப் போன்ற மருந்துகளும் தருகிறார்கள். அவை நோய் எதிர்ப்புச் சக்தியையும் சேர்த்து அடக்குகின்றன. தடுப்பூசியின் பலனும் குறையலாம். அதற்காக மருந்தைத் தாமாக நிறுத்துவது பெருந்தவறு. நெடுநாள் எடுத்த ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து நேரிடலாம்.

3. தன் அளவைத் தான் அறிதல்

2021 மே மாத இறுதியில் கோவை மாவட்டத்தின் தினசரித் தொற்று சென்னையையும் தாண்டியது. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரில் 94க்குக் கீழே இறங்கினால் மருத்துவமனைக்கு வர வேண்டும் என்பதை அந்நாட்களில் அநேகர் கற்றுக்கொண்டார்கள். ஐ.எல்.டி. நோயாளி சிலருக்கோ சாதாரண நாளிலேயே 92தான் இருக்கும். ஆகையால் உட்கார்ந்திருக்கையில் எவ்வளவு, நடந்தபின் எவ்வளவு என்று நலமாயுள்ள நாளிலேயே குறித்துவைக்க வேண்டும். அதிலிருந்து இறங்குவதே எச்சரிக்கை. சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டிக்கு ஏறினால் இந்த எண் தானாகவே குறையும். பயணத்துக்கு முன் மருத்துவரைக் கேட்பது நல்லது.

நாம் செய்ய வேண்டியது

உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5 அன்று அவசரநிலை முடிந்ததென அறிவித்தது. ஆனால் வைரஸ் முடிந்துபோகவில்லை. எனவே நோயாளிகள் பேருந்து, சந்தை, கல்யாண மண்டபம் ஆகிய இடங்களில் முகக்கவசம் அணியட்டும். கொரோனா, ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசிகளைப் பற்றி மருத்துவரிடம் கேட்கட்டும். காய்ச்சல் கண்டால் கஷாயம் குடித்துக் காத்திராமல் அன்றைக்கே வரட்டும்.

நமக்கும் ஒரு கடமை உண்டு. சளி பிடித்த நாளில் "ஒன்றுமில்லை" என்று நானே வார்டுக்குள் போயிருக்கிறேன். அந்த அம்மாவைச் சந்தித்தபின் போவதில்லை. நலம் விசாரிக்கப் போவது அன்புதான். இருமலோடு போகாமல் தொலைபேசியில் விசாரிப்பதும் அன்புதான்.

அந்த அம்மாவிடம், "திண்ணையில் தனியே காற்றாட உட்காரும்போது கழட்டுங்கள், கூட்டத்தில் வேண்டாம்" என்றேன். "சிரிச்சாச் சிரிக்கட்டுங்க" என்று சொல்லி, கவசத்தை மூக்குக்கு மேலே இழுத்துவிட்டுக்கொண்டார்.