சத்தம் போடாத இசைக் கலைஞர்



கண்டக்டர் என்றதும் நமக்குக் கிருஷ்ணகிரி பஸ்ஸில் விசில் ஊதி டிக்கெட் கிழிக்கும் அண்ணன்தான் ஞாபகம் வருவார். மேல்நாட்டு இசையிலும் ஒரு கண்டக்டர் உண்டு. தமிழில் இசை நடத்துநர் எனலாம். அவர் கையில் வயலின் இல்லை, புல்லாங்குழல் இல்லை. ஒரு மெல்லிய குச்சிதான்! ஆனால் 100 பேர் வரை அவரைப் பார்த்துத்தான் வாசிக்கிறார்கள். இந்த வேலையில் உலகப் புகழ் பெற்ற இந்தியர் ஜுபின் மேத்தா.

குச்சி எதுக்கு?

நம்ம ஊர்க் கச்சேரியில் நாலைந்து பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவார்கள். பாடுகிறவரே தொடையில் தாளம் போட்டால் போதும். ஆர்கெஸ்ட்ரா மேடை பெரியது. ஒலி ஒரு நொடியில் சுமார் 340 மீட்டர் போகும் என்று அறிவியலில் படிக்கிறோம். அப்படியானால் 17 மீட்டர் போக நொடியில் 20-இல் ஒரு பங்கு ஆகும். காதால் மட்டும் கேட்டு வாசித்தால் கடைசி வரிசை பின்தங்கிவிடும். கண்ணால் பார்த்தால் அந்தத் தாமதம் இல்லை. அதனால்தான் குச்சி!

வலது கை தாளம் காட்டும். இடது கை 'கூட்டு, குறை, இப்போ நீ ஆரம்பி' என்று சொல்லும். வாசிப்பவர் முன்னால் அவரவர் பகுதி மட்டும் இருக்கும். எல்லோருடைய பகுதியும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிய புத்தகம் நடத்துநரிடம் இருக்கும்.

பம்பாயிலிருந்து உலகத்துக்கு

மேத்தா 29.4.1936 அன்று பம்பாயில் பிறந்தார். அப்பா மெஹ்லி மேத்தா வயலின் கலைஞர். பம்பாய் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவைத் தொடங்கியவர். டாக்டர் படிப்புக்குத் தயாரான மகன் அதை விட்டுவிட்டு, 1954-இல் 18 வயதில் ஆஸ்திரியாவின் வியன்னாவுக்கு இசை படிக்கப் போனார். ஹான்ஸ் ஸ்வரோவ்ஸ்கி அவருடைய குரு. 1958-இல் இங்கிலாந்தின் லிவர்பூலில் நடந்த போட்டியில் முதல் பரிசு பெற்றார். பிறகு அவர் பொறுப்பேற்ற இசைக்குழுக்கள்:

★ 1961 – மாண்ட்ரியல் (கனடா)
★ 1962 முதல் 1978 வரை – லாஸ் ஏஞ்சல்ஸ்
★ 1978 முதல் 1991 வரை – நியூயார்க்
★ 1977 முதல் 2019 வரை – இஸ்ரேல்

1981-இல் நியூயார்க்கில் பண்டிட் ரவிசங்கரின் சிதாரோடு தன் ஆர்கெஸ்ட்ராவைச் சேர்த்து வாசிக்க வைத்தார். 1994-இல் போரில் எரிந்துபோன சரயேவோ நூலகத்தின் இடிபாடுகளுக்குள் இசை நடத்தினார். சுனாமி வந்த முதலாம் ஆண்டு நினைவு நாளில், 26.12.2005 அன்று, ஜெர்மனி இசைக்குழுவோடு நம் சென்னை மியூசிக் அகாடமிக்கே வந்தார்.

உங்களுக்குத் தெரியுமா?

புகழ்பெற்ற வியன்னா பில்ஹார்மோனிக் குழு 1997 வரை பெண்களை உறுப்பினராகச் சேர்க்கவே இல்லை! ஆனால் 2007-இல் அமெரிக்காவின் பால்டிமோர் சிம்பொனிக்கு மரின் ஆல்சப் என்ற பெண்ணே இசை இயக்குநர் ஆனார்.

நாம் செய்யலாமே!

நம் பிரேயரில் முன் வரிசை ஒரு வரி முடிக்கும்போது பின் வரிசை பாதியில்தான் நிற்கிறது. வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுகிற பிள்ளைகள் வார்த்தை தப்பாகிடுமோ என்று பயந்து வாயை மட்டும் அசைக்கிறார்கள். மைக் சத்தத்தைக் கூட்டினால் இது சரியாகாது. ஒருவர் மேடைமேல் நின்று, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி கையால் தாளம் காட்டட்டும். பயப்படுகிற பிள்ளைகளை நடு வரிசையில் நிறுத்தி, அவர்கள் ஆரம்பிக்க வேண்டிய இடத்தில் இடது கையால் கூப்பிடட்டும். மேத்தாவின் குழுக்களிலும் பல நாட்டுக்காரர்கள் இருந்தார்கள். கை காட்டும் தாளத்துக்கு மொழி தேவைப்படவில்லை.

ஆசிரியர்கள் அனுமதி கொடுத்தால் வாரம் ஒரு வகுப்பு வீதம் முயற்சி செய்யலாம். முதல் வாரம் கை காட்ட நான் தயார். அடுத்த வாரத்துக்கு யார்? பெயரை இந்தத் தாளுக்குக் கீழே எழுதுங்கள்.



– 9-ஆம் வகுப்பு மாணவி,
குருபரப்பள்ளி.