கோழிக்கூட்டுக்கு வரும் கபரகொய்யா

எங்கள் வீட்டுக்குப் பின்னால் சதுப்பு நிலம். அங்கிருந்து பெரிய கபரகொய்யா ஒன்று வந்து கோழி முட்டைகளைத் தின்கிறது. கடிக்குமோ என்று பிள்ளைகள் பயப்படுகிறார்கள். எப்படி விரட்டுவது?
— வாசகி, கொலன்னாவை

பயப்படாதீர்கள், சகோதரி. ஆளைக் கண்டால் விலகிப் போகிற, உடும்பு இனப் பிராணி அது. மூலையில் மடக்கினால்தான் வாலைச் சுழற்றி அடிக்கும், கடிக்கும். பிள்ளைகள் கல்லெறியாமல் வழிவிட்டால் தானே போய்விடும்.

அதை உங்கள் வளவுக்குள் இழுப்பது மணம். பிளந்த நாக்கை நீட்டி நீட்டி, காற்றில் வரும் மணத்தைப் பிடித்தே இரை தேடும். மீன் கழிவை வெளியே கொட்டாதீர்கள். முட்டைகளை உடனுக்குடன் எடுத்துவிடுங்கள். கூட்டை இரவில் மட்டும் மூடிப் பயனில்லை, இது பகலில் திரிவது. நன்றாகத் தோண்டும், ஏறவும் செய்யும். ஆகவே கம்பிவலை கூட்டின் மேலேயும் வேண்டும், கீழே ஓரடியாவது மண்ணுக்குள் இறங்க வேண்டும்.

கொல்ல மட்டும் நினைக்காதீர்கள். சட்டம் அதைப் பாதுகாக்கிறது. செத்த நாய், எலி, அழுகிய மீன் என்று கால்வாயோரம் கிடப்பதையெல்லாம் தின்று துப்புரவாக்குவதும் அதுதான். இத்தகைய சதுப்பு நிலங்களால்தான் 2018இல் கொழும்புக்கு ராம்சார் உடன்படிக்கையின் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கிடைத்தது. மழைவெள்ளத்தைத் தேக்கிவைக்கும் உங்கள் கொலன்னாவைச் சதுப்பில், கபரகொய்யா உங்களுக்கு முன்பே குடியிருக்கிறது.