வெண்பனியின் அடுக்குகள்

குளிர்காலத்தில் ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலைத்தொடர் வெண்பனி போர்த்து விளங்கும். சறுக்குக் கட்டைகளைக் காலிற் பூட்டி, ஆளரவமற்ற சாய்வுகளில் ஏறியிறங்க விரும்புவோர் அங்குப் பலர். அவர்களுக்கு நேரும் இடையூறுகளுள் மிகக் கொடியது பனிச்சரிவாகும்.

மலைமேற் கிடக்கும் பனி ஒரே பொருளாகத் தோன்றினும், அது பல அடுக்குகளால் ஆயது. ஒவ்வொரு பனிப்பொழிவும் ஓர் அடுக்காகப் படிகிறது. பருவத் தொடக்கத்தில் மெல்லிய பனி படிந்தபின் கடுங்குளிர் நீடிப்பின், அப்பனியின் அடிப்பகுதி மேற்பகுதியினும் வெம்மையுடையதாய் இருக்கும். அங்கிருந்து எழும் நீராவி, பனித்துகள்களைச் சர்க்கரைப் பரல் போன்ற மணிகளாக மாற்றுகிறது. அம்மணிகள் ஒன்றோடொன்று ஒட்டா. பின்னர்க் காற்றுக் கொணரும் புதுப்பனி அவற்றின்மேல் பாளமாய் இறுகுகிறது. உதிர்மணல்மேல் எழுப்பிய சுவர் போன்றது அப்பாளத்தின் நிலை. ஒருவர் அதன்மீது நடந்தாலும் அடியடுக்கு நொறுங்கக்கூடும். அவ்வாறு நொறுங்கின், பிளவு நொடிப்பொழுதிற் பரவிப் பாளம் முழுவதும் பெயர்ந்து பாயும்.

இவ்வியல்பினை ஆராயும்பொருட்டு, 1936ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து நாட்டு டாவோஸ் நகருக்கு மேலுள்ள வைஸ்ஃபுளூயோக் என்னுமிடத்தில் அறிஞர் சிலர் மரக்குடில் ஒன்றில் பணி தொடங்கினர். பனியிற் குழி வெட்டி, அடுக்குகளை ஒவ்வொன்றாக ஆய்ந்தனர். அம்முயற்சியின் வழிவந்த ஆராய்ச்சி நிலையம் இன்று குளிர்காலத்தில் நாள்தோறும் எச்சரிக்கை அறிக்கை வெளியிடுகிறது. அபாயத்தை ஐந்து படிகளாக வகுத்துரைக்கும் முறை ஐரோப்பாவில் 1993 முதல் வழங்கி வருகிறது.

அறிக்கையைப் படித்தல் மட்டும் போதாது. கண்ணும் செவியும் விழிப்புடன் இருத்தல் வேண்டும். 30 பாகைக்கு மேற்பட்ட சாய்வுகள் ஐயத்திற்குரியவை. பெரும் பனிப்பொழிவு, பலத்த காற்று, திடீர் வெப்பம் ஆகியன அபாயத்தை மிகுவிக்கும். காலடியில் 'தொம்' என்னும் ஓசை எழுதலும், பனியில் வெடிப்பு ஓடுதலும் பனியே தரும் எச்சரிக்கைகளாம். முன்சென்றோரின் சுவடுகள் பாதுகாப்புக்குச் சான்றாகா.

பனியிற் புதையுண்டோருள் முதற் பத்து நிமிடங்களுக்குள் மீட்கப்படுவோர் பெரும்பாலும் பிழைப்பர். அதன்பின் மூச்சடைப்பால் நம்பிக்கை விரைந்து குறையும். தொலைவிலிருந்து உதவி வரும்வரை காத்திருத்தல் இயலாது. உடன்வந்த தோழரே மீட்போர் ஆவர். ஆதலின், புதைந்தவரின் இடத்தை உணர்த்தும் வானொலிக் கருவி, துழாவுகோல், மண்வாரி ஆகிய மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருத்தல் இன்றியமையாதது. ஐயமுள்ள சாய்வை ஒருவர்பின் ஒருவராகவே கடத்தல் வேண்டும்.

பனிச்சரிவிற் சிக்கும் மலைப்பயணியருள் பெரும்பாலோர்க்கு அதனைத் தூண்டியவர் அவரோ அவர்தம் தோழரோ ஆவர். ஆகவே அதனைத் தவிர்த்தலும் பெரும்பாலும் அவர் கையிலேயே உள்ளது. உச்சி அண்மையில் இருப்பினும், அபாயம் உணர்ந்து திரும்புதல் கோழைமையன்று, அறிவுடைமையே ஆகும்.