கனவை விடுங்கள், பேருந்திலிருந்து தொடங்குங்கள்

1944 ஏப்ரலில் ஜார்ஜியா மாநிலத்தின் டப்ளின் என்ற ஊரில் பள்ளி மாணவர்களுக்கான பேச்சுப் போட்டி நடந்தது. அட்லாண்டாவிலிருந்து போயிருந்த 15 வயதுப் பையன் ஒருவன், கறுப்பின மக்களையும் அமெரிக்க அரசியலமைப்புச் சட்டத்தையும் பற்றிப் பேசிப் பரிசு வாங்கினான். ஊர் திரும்பும்போது பேருந்தில் வெள்ளையர்கள் ஏறினார்கள். பையனையும் கூட வந்த ஆசிரியையையும் எழுந்து இடம் விடச் சொன்னார் ஓட்டுநர். உடனே எழவில்லை என்று திட்டினார். அசையாமல் உட்கார்ந்திருந்த பையன், ஆசிரியை சொன்ன பிறகுதான் எழுந்தான். ஏறக்குறைய 90 மைல் தூரம் இருவரும் நின்றுகொண்டே அட்லாண்டா வந்து சேர்ந்தார்கள். தன் வாழ்நாளில் அவ்வளவு கோபம் வந்ததே இல்லை என்று அந்தப் பையன் பின்னாளில் நினைவுகூர்ந்தார். அவர்தான் மார்ட்டின் லூதர் கிங்.

ஜனவரி மூன்றாம் திங்கட்கிழமை அவர் பெயரால் அமெரிக்காவில் விடுமுறை. அதையொட்டிப் பள்ளிகளும் நூலகங்களும் பல்கலைக்கழகங்களும் மாணவர்களுக்கு எழுத்துப் போட்டி நடத்துகின்றன. பிட்ஸ்பர்கின் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகம் 1999இல் தொடங்கிய போட்டி, பாகுபாட்டைப் பற்றிய சொந்த அனுபவத்தை எழுதச் சொல்கிறது. அந்த நாட்டில் வளரும் நம் பிள்ளைகளும் இத்தகைய போட்டிகளுக்கு எழுதுகிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்து உதவும் அம்மா அப்பாவுக்காக இதை எழுதுகிறேன்.

முதல் வேலை, போட்டி அறிவிப்பைப் பிள்ளையோடு சேர்ந்து படிப்பது. வயதுப் பிரிவு, சொல் வரம்பு, கடைசி நாள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். தலைப்பில் உள்ள வினைச்சொல்லுக்கு அடிக்கோடு போடச் சொல்லுங்கள். கிங்கை 'விளக்கு' என்று கேட்பது வேறு, அவருடைய கொள்கை உன் வாழ்க்கையில் எங்கே வந்தது என்று 'சொல்' என்பது வேறு. இரண்டாவதைக் கேட்ட போட்டிக்கு வாழ்க்கை வரலாற்றை அனுப்பினால் பயனில்லை.

அடுத்து, ஒரே ஒரு நிகழ்ச்சியைத் தேர்ந்தெடுப்பது. பிள்ளைகள் பெரும்பாலும் 1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டன் பேரணியில் அவர் பேசிய கனவுப் பேச்சையே பிடித்துக்கொள்கிறார்கள். அது மகத்தான பேச்சு. ஆனால் ஐம்பது கட்டுரைகளில் நாற்பது அங்கேதான் தொடங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்றைய பேரணியின் முழுப் பெயரில் வேலைவாய்ப்பும் இருந்தது, விடுதலையும் இருந்தது. கனவை மட்டும் எடுத்துக்கொண்டால் கூலியும் வேலையும் காணாமல் போய்விடுகின்றன.

வேறு வாசல்கள் எத்தனையோ உண்டு. மாண்ட்கோமரி நகரில் ரோசா பார்க்ஸ் கைதானது 1955 டிசம்பரில். அதற்கு ஒன்பது மாதங்களுக்கு முன்பே அதே நகரில் அவரைப் போலவே பேருந்தில் இடத்தை விட்டு எழ மறுத்துக் கைதானவர் கிளாடெட் கால்வின். அப்போது அவருக்கு வயது 15. பார்க்ஸ் கைதானதை அடுத்துக் கறுப்பின மக்கள் 381 நாட்கள் பேருந்தில் ஏறாமல், நடந்தும் ஒருவர் காரில் ஒருவர் தொற்றிக்கொண்டும் வேலைக்குப் போனார்கள். 1963 மே மாதம் பர்மிங்ஹாமில் பள்ளிப் பிள்ளைகளே ஊர்வலம் போனார்கள். அவர்கள்மேல் நாய்களை ஏவி, தீயணைப்புக் குழாய்களால் தண்ணீரைப் பீய்ச்சியடித்தது காவல்துறை. 1968இல் மெம்பிஸ் நகரில் குப்பை லாரியின் அழுத்தும் இயந்திரத்தில் நசுங்கி இரண்டு தூய்மைப் பணியாளர்கள் இறந்தார்கள். சுமார் 1,300 பணியாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். தாங்களும் மனிதர்களே என்று எழுதிய அட்டைகளை ஏந்தி நடந்தார்கள். அவர்களுக்குத் துணை நிற்கப் போன இடத்தில்தான், ஏப்ரல் 4 அன்று, கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். இவற்றில் பிள்ளையின் மனம் எதில் நிற்கிறதோ அதையே எழுதட்டும். நீங்கள் தேர்ந்து கொடுக்காதீர்கள்.

மூன்றாவதாக, மூலத்தைப் படிக்க வேண்டும். கிங் எழுதியவற்றையும் பேசியவற்றையும் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் தொகுத்து வருகிறார்கள். பர்மிங்ஹாம் சிறையிலிருந்து அவர் எழுதிய கடிதத்தைப் பெரிய வகுப்புப் பிள்ளைகள் ஒரு முறையாவது முழுதாகப் படித்துவிட வேண்டும். இணையத்தில் படத்தோடு சுற்றும் பொன்மொழிகளை அப்படியே எடுக்க வேண்டாம். 2011 மே மாதம் பின் லேடன் கொல்லப்பட்டபோது, கிங் சொல்லாத ஒரு வாசகம் அவர் பெயரில் உலகம் முழுக்கப் பரவியது. எந்த நாள், எந்த இடம், எந்தப் பேச்சு என்ற மூன்றும் தெரிந்தால் மட்டும் மேற்கோளைச் சேருங்கள். அதிலும் ஒன்று போதும்.

நான்காவதுதான் கடினமானது: பிள்ளையின் சொந்த அனுபவம். அந்தச் சிறைக் கடிதத்தில் கிங் ஒரு போராட்டத்துக்கு நான்கு படிகள் சொல்கிறார். அநீதி உண்மையிலேயே நடக்கிறதா என்று விவரம் திரட்டுவது, பேச்சுவார்த்தை நடத்துவது, தன் மனத்தைத் தூய்மைப்படுத்திக்கொள்வது, பிறகு களத்தில் இறங்குவது. இவற்றையே கேள்விகளாக மாற்றிப் பிள்ளையிடம் கேளுங்கள். பள்ளி உணவறையில் தனியாக உட்கார்ந்த பிள்ளை யார்? நீ யாரிடம் பேசினாய்? பேசப் பயமாக இருந்ததா? கடைசியில் என்ன செய்தாய்? ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னால் அதையே எழுதச் சொல்லுங்கள். எதுவும் செய்யாமல் நின்ற நேரத்தை நேர்மையாக எழுதிய கட்டுரைக்கு எந்தச் சாகசக் கதையும் ஈடாகாது.

நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இன்னொரு வழியும் திறந்திருக்கிறது. 1959இல் கிங் தன் மனைவி கொரெட்டாவோடு இந்தியா வந்தார். சென்னைக்கும் கன்னியாகுமரிக்கும் போனார். கேரளத்தில், தீண்டாமைக்கு ஆளான குடும்பங்களின் பிள்ளைகள் படித்த ஒரு பள்ளியில், தலைமையாசிரியர் அவரை அமெரிக்காவிலிருந்து வந்த சக தீண்டத்தகாதவர் என்று அறிமுகப்படுத்தினார். முதலில் கிங்குக்குச் சுருக்கென்றது. பிறகு யோசித்துப் பார்த்து, ஆம், நான் தீண்டத்தகாதவன்தான் என்று ஏற்றுக்கொண்டார். 1965இல் தன் தேவாலயப் பிரசங்கத்தில் இதை அவரே சொன்னார். உங்கள் பிள்ளை இதை எழுத விரும்பினால், அடுத்த கேள்வி உங்களிடம்தான் வரும்: நம் குடும்பத்தில் சாதி எப்படி இருந்தது? தாத்தா வீட்டில் வேலைக்கு வந்தவருக்குத் தனி டம்ளர் இருந்ததா, அல்லது தாத்தாவே அந்தத் தனி டம்ளரில் குடித்தவரா? மழுப்பாமல் பதில் சொல்லுங்கள். அமெரிக்காவின் நிறவெறியைப் பற்றி மட்டும் எழுதிவிட்டு இதை விழுங்குவது அந்தப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் செய்யும் துரோகம் என்றே நான் நினைக்கிறேன்.

இப்போது எழுதலாம். பிள்ளை முதலில் வாயால் சொல்லட்டும். தமிழும் ஆங்கிலமும் கலந்து வந்தாலும் பரவாயில்லை, கைபேசியில் பதிவு செய்யுங்கள். அதைக் கேட்டுக் கேட்டுப் பிள்ளையே எழுதட்டும். முதல் வரியில் ஓர் இடமும் ஓர் ஆளும் இருக்கட்டும். சமத்துவம், நீதி போன்ற பெரிய சொற்களை முதல் பத்தியில் தவிர்க்கச் சொல்லுங்கள். கிங்கின் நிகழ்ச்சிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளையின் கதைக்கு என்பது என் கணக்கு.

உங்கள் கை பேனாவைத் தொடக் கூடாது. செயற்கை நுண்ணறிவுச் செயலியிடமும் எழுதித் தரச் சொல்லக் கூடாது. புரியாத இடத்தில் கேள்வி கேளுங்கள், அதுவே பெரிய உதவி. இரண்டு நாள் கழித்து உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். மூச்சு முட்டும் வாக்கியத்தை இரண்டாக உடைக்கலாம், நாக்கு தடுக்கும் சொல்லை மாற்றலாம். ஆண்டுகளையும் பெயர்களையும் கடைசியாக ஒருமுறை சரிபார்த்து, கெடு முடிவதற்கு முந்தைய நாளே அனுப்பிவிடுங்கள்.

பரிசு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் ஒரு பிரதியில் தேதி போட்டு எடுத்து வையுங்கள். டப்ளினில் அந்தப் பையன் பேசியதை அவன் பள்ளி ஆண்டு மலரில் அச்சிட்டு வைத்ததால்தான், அந்த 15 வயதுக் குரலை இன்று உங்கள் பிள்ளையும் படிக்க முடிகிறது.